ஊதச் சொல்பவள்

பொன்னேரியில் துப்பாக்கி வெடிக்கவில்லை.
விசில்தான். மாடு விரட்டுகிற மாதிரி ஒரு விசில்.
நானூறு பேர் கிளம்பினோம்
ஏலகிரி மலை மாரத்தானுக்கு.
ஐந்தரை மணி இருட்டு.
ஜோலார்பேட்டையில் ஏதோ ஒரு ரயில்
எங்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது,
உட்கார்ந்த ஜனங்களோடு.

"இது மலையே இல்லைம்மா, மேடு" என்றார்
ஆம்பூர் ஷூ கம்பெனி இஷ்தியாக்.
லடாக்கில் ஓடியவர்.
அங்கே காற்றை ரேஷனில்தான் கொடுப்பார்களாம்.
நான் ஓடிப் பழகியது
வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி,
மழை பெய்தால் பாலாற்றுப் பாலத்தில், லாரிப் புகையில்.
எனக்குக் காட்பாடி மேம்பாலமே மேடு.

பதினான்கு கொண்டை ஊசி.
ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு.
முதல் மூன்றை வாசித்தேன்.
நான்காவதில் எழுத்து தெரிந்தது, பெயர் ஏறவில்லை.
ஆறாவதில்
பலகை இருந்ததா?

பதினொரு வருடமாக என் வேலை
அடுத்தவரை ஊத வைப்பது.
மூக்குக்கு க்ளிப், வாய்க்குக் குழாய்.
நல்லா இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
இன்னும் இன்னும் இன்னும் விடாதீங்க
கொல்கத்தாக்காரர்களுக்கு ஆரோ, ஆரோ, ஜோரே.
ஜார்க்கண்டுக்கு அவுர், அவுர்.
சித்தூர்ப் பக்கத்துக்கு இங்கா, இங்கா.
நாலு பாஷையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த சொல்
இன்னும்.

எட்டாவது வளைவில்
விலா எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து
அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.
குரல் என்னுடையது.
எரிச்சலாக இருந்தது.
இப்படியா சொல்கிறேன் எல்லாரிடமும்?
இவ்வளவு சத்தமாகவா?

மொண்டல் என்று ஒருவர். மால்டா பக்கம்.
கல் அரைக்கிற ஆலையில் இருபது வருடம்.
மூன்று முறை ஊதினார்,
மூன்றும் செல்லாது என்றது கம்ப்யூட்டர்.
நான்காவதற்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார்,
கொஞ்சம் இரு என்று.
வெளியே பத்தொன்பது பேர் டோக்கனோடு.
நான் இருக்கவில்லை.
ஜோரே, என்றேன்.
நாற்பத்தொரு சதவீதம்.
தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நல்ல நம்பரா, என்று கேட்டார்.
டாக்டர் சொல்வார், என்றேன்.
சரியான பதில்தான்.
அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

பதினொன்றில் நின்றேன்.
வேகம் குறைந்து, நடந்து, அப்புறம் நிற்பது இல்லை,
கரண்ட் போகிற மாதிரி.
சுவர் மேல் குரங்கொன்று
எங்களுக்கென்று வைத்த வாழைப்பழத்தை
உரித்துத் தின்றுகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.
கீழே வந்த வழியெல்லாம்
கழற்றிப் போட்ட பெல்ட் போலக் கிடந்தது.
பின்னால் உறுமிக்கொண்டு வந்தது
முடியாதவர்களை ஏற்றுகிற வேன்.
டிரைவர் தலையை நீட்டினான்.
"ஏறிக்கிறியாக்கா?
இன்னும் மூணு வளைவுதான்."

பேச்சு வரவில்லை.
உள்ளங்கையைக் காட்டினேன்.

அவன் இருந்தான்.
இன்ஜினை அணைத்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.
பீடியை எடுத்து, என்னைப் பார்த்து,
திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.
முடியும்க்கா என்று சொல்லவில்லை.
மணி என்ன என்று பார்க்கவில்லை.
இலுப்பையோ என்னவோ ஒரு மரத்திலிருந்து
பனித்தண்ணீர் சொட்டி
வேன் கூரையில் விழும் சத்தம்.

எவ்வளவு நேரமென்று என் கடிகாரத்தில் பதிவாகியிருக்கிறது:
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.
அந்த மனிதருக்கு
இதில் பாதி போதுமாயிருந்திருக்கும்.

அத்தனாவூரில் நான் போய்ச் சேர்ந்தபோது
மெடல் தீர்ந்துவிட்டது, தபாலில் வருமாம்.
எலுமிச்சை சாதம் இருந்தது.
இஷ்தியாக் ஷூவைக் கழற்றிவிட்டு
புல்லில் காலை நீட்டியிருந்தார்.
"சொன்னேன்ல? மேடுதானே?"

மேடுதான், என்றேன்.
அதைச் சொல்ல
மூன்று மூச்சு பிடித்தது.